பிள்ளை வளர்ப்பு யார் கடன்?

பிள்ளையைப் பெற்றவர்களே வளர்க்க வேண்டும் என்பதில் எந்தச் சமயத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடும் எட்டு, பத்து மணி நேரம் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, அதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்டால் கருத்துகள் பலவாகப் பிரிகின்றன. உரிமம் பெற்ற குழந்தை பராமரிப்பு மையங்களைப் பெருக்க அரசு பணம் தரலாமா என்பது பார்வைக்கு வரவு செலவுக் கணக்கு. உள்ளே இருப்பது அறம் பற்றிய கேள்வி. அதில் மூன்று பகுதிகள் உண்டு. பிள்ளை வளர்ப்பு குடும்பத்தின் தனிக் கடமையா, சமுதாயத்தின் கூட்டுக் கடமையா? அரசு தரும் பணம் தர்மமா, நீதியா? பணம் தரும் அரசு குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம்? தோட்டம், துறைமுகம், தொழிற்சாலை என்ற மூன்று உழைப்பு உலகங்களும் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும் மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தை, குறிப்பாகப் பண்டமாரானை வைத்துப் பார்க்கும்போது இம்மூன்றுக்கும் விடை தேட வழி கிடைக்கிறது.

மரபுகள் சொல்வது

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாடல், ஒரு மகன் ஆளாவதற்கு வேண்டிய கடமைகளைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. தாய்க்கு ஒரு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு, கொல்லனுக்கு ஒரு பங்கு, வேந்தனுக்கு ஒரு பங்கு. மகனின் கடமை கடைசியில்தான் வருகிறது. அது போர்க்களத்துக்கு ஆள் தேடிய சமூகத்தின் பாட்டு. அந்த நோக்கத்தை இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் அதன் அமைப்பு கவனத்துக்கு உரியது. பெற்றவளின் கடன் முதலில் நிற்கிறது. முழுக் கடனும் அவள் தலையில் விழவில்லை. ஊரில் தொழில் செய்பவனுக்கும் ஆட்சி செய்பவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரமும், திரட்டிய செல்வத்தை முறையாகப் பங்கிடுவதை ஆட்சித் திறத்தின் ஒரு கூறாகவே எண்ணுகிறது.

அகப்பாடல்களில் நற்றாய்க்குப் பக்கத்தில் செவிலித்தாய் எப்போதும் இருக்கிறாள். தொல்காப்பியத்தின் களவியல் தாய் என்ற மதிப்பையே செவிலிக்குத் தருகிறது. புராணத்தில் முருகனுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்கள் பெயராலேயே அவன் கார்த்திகேயன் ஆனான். கண்ணனை வளர்த்தவள் யசோதை. பெற்றவள் அல்லாத ஒருத்தியின் கையில் வளர்வது பிள்ளைக்கு இழுக்கு என்ற எண்ணம் தமிழ்ச் சமய மரபில் வேர்விட்டதில்லை. ஆனால் இதில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அகப்பாடல்களின் செவிலி வசதி படைத்த இல்லத்தில் இருப்பவள். வயலில் கூலிக்கு நாற்று நட்டவளுக்குச் செவிலி யாரும் இல்லை. வளர்ப்பதில் பிறர் துணை நல்லது என்று மரபு ஒப்புக்கொண்டது. அந்தத் துணை ஏழைக்கு எப்படிக் கிடைக்கும் என்று அது கேட்கவில்லை.

மலேசியக் கூட்டரசின் சமயமான இஸ்லாத்தில் இக்கேள்வியின் இன்னொரு முனை தெரிகிறது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம், பிள்ளைக்குப் பாலூட்ட வேறொரு பெண்ணை அமர்த்துவதில் குற்றமில்லை என்று சொல்லி, அவளுக்கு உரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கிறது. பிள்ளை வளர்ப்பில் அன்பு இருக்கிறது என்பதற்காக அது கூலிக்கு உரிய உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது என்பதே இதன் சாரம்.

தத்துவவாதிகளின் வழக்கு

மேற்கில் இந்த வழக்கைத் தொடங்கி வைத்தவர் பிளேட்டோ. காவலர் வகுப்பின் பிள்ளைகள் தங்கள் பெற்றோர் யார் என்றே அறியாமல் பொதுவில் வளர வேண்டும் என்று 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் அவர் வாதிட்டார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில், 'அரசியல்' நூலின் இரண்டாம் பகுதியில் அதை மறுத்தார். எல்லாருக்கும் பொதுவானதை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. ஆயிரம் பேருக்குப் பொதுவான பிள்ளையை அந்த ஆயிரம் பேருமே கைவிட்டுவிடுவார்கள் என்பது அவர் வாதம். பராமரிப்பு மையங்களுக்கு எதிராக இன்று எழும் குரல்களில் பெரும்பாலானவை அரிஸ்டாட்டிலின் இந்தக் கவலையையே வேறு சொற்களில் சொல்கின்றன. ஆனால் காலையில் விட்டு மாலையில் கூட்டிப் போகும் மையம் பிளேட்டோவின் திட்டத்தைச் சேர்ந்தது அல்ல. அங்கே பிள்ளைக்குப் பெற்றோர் உண்டு. அவர்கள் இல்லாத சில மணி நேரத்துக்கு ஒரு பொறுப்பாளியும் உண்டு.

ஹெகல் 1820இல் வெளியிட்ட 'உரிமையின் தத்துவம்' இந்த வழக்கை வேறு தளத்துக்குக் கொண்டு போனது. சந்தையும் தொழிலும் நிறைந்த சமூகம் மனிதனைக் குடும்பத்திலிருந்து பிய்த்து எடுக்கிறது. ஆகவே குடும்பம் அவனுக்குச் செய்துவந்ததில் ஒரு பங்கை அந்தச் சமூகமே ஏற்றாக வேண்டும். பிள்ளைகளின் வளர்ப்பைக் கவனிக்கும் கடமையும் உரிமையும் அதற்கு உண்டு என்றார் அவர். இன்று தாயையும் தகப்பனையும் வீட்டைவிட்டு வெளியே இழுப்பது அவர்களுடைய ஆடம்பர ஆசை அன்று. ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாத பொருளாதாரமே இழுக்கிறது. இழுத்த கை தாங்கவும் வேண்டும்.

அப்படியானால் அரசு எதுவரை தாங்கலாம்? கத்தோலிக்கச் சமூகப் போதனை இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. பாப்பரசர் பதினோராம் பயஸ் 1931இல் வெளியிட்ட சுற்றுமடல், சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்றும், அதற்கு உறுதுணையாக நிற்க வேண்டும் என்றும் வகுத்தது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுச் சிறுவர் உரிமை உடன்படிக்கையும் இதே பாதையில் செல்கிறது. அதன் 18ஆம் விதி முதற்பொறுப்பைப் பெற்றோருக்குத் தருகிறது. அவர்களுக்குத் துணைநிற்கும் கடமையை அரசுக்குத் தருகிறது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பராமரிப்புச் சேவை பெற உரிமை உடையவர்கள் என்றும் சொல்கிறது. மலேசியா 1995இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இங்கே உரிமை பிள்ளைக்கு உரியது. பெற்றோருக்குத் தரப்படும் சலுகையாக அது சொல்லப்படவில்லை.

ஆயாக்கொட்டகை

உழைப்பவளின் பிள்ளையைப் பார்க்க வேறொருவர் ஏற்பாடு செய்யும் வழக்கம் கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போக வேண்டிய தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குப் போவாள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பால் வெட்ட உடம்பு இடங்கொடுக்காத வயதான பெண்ணே பெரும்பாலும் ஆயாவாக இருப்பாள். ஒருத்தியே பல தொட்டில்களை மாறி மாறி ஆட்டுவாள். இந்த ஏற்பாடு தோட்டத் துரையின் தயவு மட்டும் அன்று. தோட்டங்களில் வீடு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றோடு குழந்தைக் காப்பகத்தையும் முதலாளியின் கடமையாகச் சட்டம் வைத்தது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அக்கடமை இடம்பெற்றது.

இதை அறவியல் கண்ணோடு எடைபோட வேண்டும். மனிதனைக் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது, தன்னளவிலேயே மதிப்புள்ளவனாகவும் நடத்த வேண்டும் என்பது தத்துவ அறிஞர் காண்டின் கோட்பாடு. ஆயாக்கொட்டகை எழுந்ததற்கு முதற்காரணம் தாயின் கைகள் பால்வெட்டுக்குத் தேவைப்பட்டதுதான். பிள்ளை அழாமல், அடிபடாமல், உயிரோடு மாலைவரை இருந்தால் போதும். அது என்ன கற்றது, எப்படி வளர்ந்தது என்பது கணக்கில் பெரிதாக வரவில்லை. கொட்டகையில் பிள்ளை தாயின் உழைப்புக்குத் துணைக்கருவியாகவே எண்ணப்பட்டது. ஆனாலும் ஒரு நன்மை இருந்தது: தாய் அதற்கென்று தனியாகக் காசு கட்ட வேண்டியிருக்கவில்லை. உழைப்பை வாங்குபவன் பராமரிப்பின் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை, குறைபட்ட வடிவிலேனும் நடைமுறையில் இருந்தது.

தோட்டத் தொழிலாளர் இத்தகைய வசதிகளைக் கருணையாகக் கேட்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு பிள்ளைகளின் கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களின் மானம் ஆகியவையும் இருந்தன. கோரிக்கை என்ற வடிவமே, கேட்பவன் தன்னை இரவலனாகக் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது.

பண்டமாரானில் விழுந்த இடைவெளி

பண்டமாரான், அவசரகாலத்தில் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் அமைந்த சீனப் புதுக்கிராமமாக அறியப்பட்ட ஊர். நாட்டின் பெரிய புதுக்கிராமங்களுள் ஒன்று அது. அதைச் சுற்றிப் பின்னர் தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகளும்) அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. 1980களிலும் 1990களிலும் சிலாங்கூரின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் போனபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைவிட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல கிள்ளானைச் சுற்றிய இத்தகைய குடியிருப்புகளுக்கு வந்தன. பால்வெட்டு போய், துறைமுகக் கிடங்கு, தொழிற்சாலை, துப்புரவு, பாதுகாவல் வேலைகள் வந்தன. ஆயாக்கொட்டகை மட்டும் கூட வரவில்லை.

இதன் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தோட்ட முதலாளிக்குக் காப்பகம் அமைக்கும் கடமை இருந்தது. தொழிற்சாலை முதலாளிக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அமைத்தால் வரிச் சலுகை உண்டு, அவ்வளவுதான். ஆக, தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பம், முதலாளி சுமந்த ஒரு செலவைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது.

நகரத்தில் அந்த இடத்தை நிரப்ப வந்தது 1984ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நால்வரையோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக வீட்டிலேயே நடத்துவது ஒரு வகை. அதற்கு மேல் போனால் நிறுவன வகை. ஒரு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுவரை பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. தீயணைப்பு மீட்பு இலாகா, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஒப்புதலும் வேண்டும். தொட்டில்களுக்கு நடுவே ஒற்றை ஆயாவை விட்டுவைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய அற முன்னேற்றம். பிள்ளையின் நலனே இந்த விதிகளின் அளவுகோல்.

விதி நல்லது, அதற்கு விலையும் உண்டு. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு சேமநிதியைச் சேர்த்தால் 1,921 ரிங்கிட். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விதிப்படி வகுத்தால், பிள்ளைக்குச் சுமார் 640 ரிங்கிட் ஆகிறது. வாடகை, சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், மேலாளர் சம்பளம் எதுவும் இதில் சேரவில்லை. வார வேலை நேரம் 2023 முதல் 45 மணி. தாயும் 45 மணி நேரம் வேலை செய்து, போக வரப் பயணமும் சேர்ந்தால், பிள்ளை மையத்தில் இருக்கும் நேரம் ஒரு பராமரிப்பாளரின் வேலை நேரத்தைத் தாண்டிவிடும். இரண்டாம் ஆள் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தாய் ஒருத்தி, அதே குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் இன்னொருத்தியைத் தன் கைக்குழந்தைக்காக அமர்த்தினால், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. கூடவே இரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். பேற்று விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தும், நூறாவது நாள் இந்தக் கணக்கு வாசலில் வந்து நிற்கிறது.

இதற்குக் குடும்பங்கள் கண்ட வழிகள் இரண்டு. தாய் வேலையை விட்டுவிடுவது ஒன்று. மலேசியாவில் ஆண்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் உழைப்புச் சந்தையில் இருக்க, பெண்களின் பங்கு ஐம்பத்தைந்து விழுக்காட்டை ஒட்டியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது, பக்கத்து வீட்டில் பிள்ளை பார்க்கும் அக்காவிடம் விடுவது. மூன்று பிள்ளைகள்வரை அவர் சட்டத்துக்கு உட்பட்டவர். நான்காவது வந்தால் உரிமம் இல்லாத மையம் ஆகிவிடுகிறார். துறைமுகம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அலுவலக நேரத்தை ஒட்டித் திறந்து மூடும் மையம், இரவு ஷிப்டுக்குப் போகும் குடும்பத்துக்கு உதவாது. அங்கும் அந்த அக்காவே கைகொடுக்கிறார்.

அரசின் உதவி இல்லாமல் இல்லை. பதிவு பெற்ற மையத்துக்குக் கட்டும் கட்டணத்துக்கு 2017இல் 1,000 ரிங்கிட்டாகத் தொடங்கிய வருமான வரி விலக்கு, பின்னர் 3,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு வேலையிட மையங்களில் மாதம் 180 ரிங்கிட் மானியம் தரப்பட்டது. சிலாங்கூர் மாநில அரசின் 'மாமாகெர்ஜா' திட்டம் தகுதி பெற்ற தாய்மாருக்கு மாதம் 100 ரிங்கிட் தருகிறது. ஆனால் வரி விலக்கு வரி கட்டுபவருக்கே பயன்படும். குறைந்தபட்சச் சம்பளக்காரர் வருமான வரி கட்டும் நிலையிலேயே இல்லை. அவருக்கு அந்த 3,000 ரிங்கிட் வெறும் எண். தேவை மிகுந்தவருக்குக் குறைவாகவும், தேவை குறைந்தவருக்கு மிகுதியாகவும் போய்ச் சேரும் உதவி, பங்கீட்டு நீதியின் தலைகீழ் வடிவம்.

மறுப்புகளும் விடைகளும்

அரசு நிதிக்கு எதிரான மறுப்புகளில் மூன்று வலுவானவை. முதலாவது: பிள்ளை பெற்றுக்கொள்வது தனியார் முடிவு, பிள்ளை இல்லாதவர் ஏன் வரி கட்ட வேண்டும்? பொருளியல் அறிஞர் நான்சி ஃபோல்பர் 1990களில் இதற்கு விடை தந்தார். பிள்ளை வளர்ப்பின் செலவைப் பெற்றோர் ஏற்கிறார்கள். வளர்ந்த பிள்ளையின் உழைப்பாலும் வரியாலும் விளையும் பயனை எல்லாரும் பெறுகிறார்கள். மலேசியாவில் இதை இன்னும் வெளிப்படையாகக் காணலாம். ஓய்வு பெறுபவர் சேமநிதியிலிருந்து எடுப்பது பணம். அந்தப் பணத்துக்கு மருத்துவமும் உணவும் போக்குவரத்தும் கிடைக்க வேண்டுமானால் அப்போது உழைக்க ஒரு தலைமுறை இருக்க வேண்டும். அதை வளர்ப்பதில் பங்கு கொடாதவர் அதன் பயனை இலவசமாகப் பெறுகிறார்.

இரண்டாவது: உதவி மையங்களுக்கு மட்டும் போனால், வேலையை விட்டு வீட்டிலிருந்து வளர்க்கும் தாய் தண்டிக்கப்படுகிறாள் அல்லவா? இது நியாயமான கேள்வி. உதவி பிள்ளையின் உரிமை என்றால் அது எல்லாப் பிள்ளைக்கும் உரியது. வடிவம் மட்டும் மாறலாம். மைய மானியமும், நீண்ட பேற்று விடுமுறையும், வீட்டில் வளர்ப்பவருக்கான உதவித்தொகையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. எந்த வழியையும் கட்டாயமாக்காமல், பணம் இல்லாத காரணத்தால் ஒரு வழி அடைபடாமல் பார்ப்பதே அரசின் வேலை.

மூன்றாவது மறுப்பு சமயத்தையும் மொழியையும் பற்றியது. பணத்தோடு பாடத்திட்டமும் வரும். தமிழ்ப் பிள்ளை தன் மொழியையும் வழிபாட்டையும் இழக்குமோ என்ற அச்சம் சிறுபான்மைக் குடும்பங்களுக்கு உண்டு. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, தன் சமயம் அல்லாத சமயப் போதனையைப் பெறும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வர் என்றும் சொல்கிறது. இந்தக் கொள்கையைப் பராமரிப்பு மையத்துக்கு நீட்டினால் விடை கிடைக்கிறது: அரசு பாதுகாப்பு, ஆள் விகிதம், பயிற்சி ஆகியவற்றை வகுக்கட்டும், தாலாட்டு எந்த மொழியில், தட்டில் என்ன சாப்பாடு, எந்தச் சாமி கும்பிடு என்பதைக் குடும்பங்கள் முடிவு செய்யட்டும். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் அடுத்தடுத்த தெருவில் வளரும் பண்டமாரானில், ஒரே அச்சில் வார்த்த அரசு மையத்தைவிட, ஊரார் நடத்தி அரசு தாங்கும் சிறு மையங்களே இந்த நிபந்தனைக்குப் பொருந்தும்.

வளர்ப்பவளுக்கான நீதி

இந்த விவாதத்தில் அடிக்கடி விடுபட்டுப் போகிறவர் பராமரிப்பாளர். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஈவா கிட்டே 1999இல் வெளிவந்த தம் நூலில், பிறரைச் சார்ந்து வாழும் உயிரைப் பார்ப்பவர், அந்த வேலையாலேயே தாமும் பிறரைச் சார்ந்தவர் ஆகிவிடுகிறார், ஆகவே அவரைத் தாங்கும் கடமை சமூகத்துக்கு உண்டு என்று வாதிட்டார். கட்டணத்தைக் குறைக்க எளிய வழி பராமரிப்பாளரின் சம்பளத்தைக் குறைப்பதுதான். அப்படிச் செய்தால் ஒரு பெண்ணின் விடுதலைக்கு இன்னொரு பெண்ணின் வறுமை விலையாகிறது. அன்பினால் செய்யும் வேலை என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைக் கிள்ளிக் கொடுப்பது பழைய தந்திரம். பெற்றோர் கட்டக்கூடிய தொகைக்கும் பராமரிப்பாளருக்கு நியாயமாகத் தர வேண்டிய தொகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்ப மூன்றாவது ஒருவர் வேண்டும். எல்லாரிடமிருந்தும் வரி திரட்டும் அரசே அந்த மூன்றாவது ஆள்.

பிள்ளை பார்க்கும் அக்காவுக்கும் இதே நீதி பொருந்தும். அவரை உரிமம் இல்லாதவர் என்று துரத்துவது எளிது. பயிற்சிக்குப் பணம், வீட்டைப் பாதுகாப்பாக மாற்ற மானியம், பதிவுக்கு வழிகாட்ட ஓர் அதிகாரி ஆகியவற்றைத் தந்து, அவரைச் சட்டத்துக்குள் அழைத்து வருவது கடினம். ஆனால் அதுதான் உரிமத்தின் நோக்கத்தை நிறைவேற்றும். உரிமம் பிள்ளையைக் காக்க வந்தது. ஏழைப் பெண்ணின் பிழைப்பை மூட வந்தது அன்று.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இப்படி அமைகிறது. வளர்ப்பு முதலில் பெற்றோரின் கடன். பெற்றோரை வேலைக்கு அழைத்து அவர்கள் உழைப்பால் வாழும் சமுதாயத்துக்கும் அதில் பங்கு உண்டு. அரசு தரும் பணம் அந்தப் பங்கைச் செலுத்துவது. ஆகவே அது தர்மக் கணக்கில் சேராது, கடன் தீர்ப்பில் சேரும். அரசின் அதிகாரம் பிள்ளையின் பாதுகாப்போடு நிற்க வேண்டும். மொழிக்கும் சமயத்துக்கும் நீளக் கூடாது. உரிமம் கேட்டுவிட்டுப் பணம் தராத அரசு, நல்ல பராமரிப்பை வசதி உள்ளவரின் உடைமையாக்குகிறது. பணம் தந்துவிட்டு உரிமம் கேட்காத அரசு, பிள்ளையைப் பணயம் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் அரசே நீதியான அரசு.